உடைந்த ஊசிக்கு எது சட்டம்

வக்கீல் அருள்செல்வனிடம் இரண்டு கறுப்புக் கோட்டுகள் இருந்தன. கோர்ட்டுக்கென்று தைத்தது பீரோவில் புதுக்கருக்கு மாறாமல் தொங்கியது. பனியன் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொண்டு போவது முழங்கையில் தேய்ந்து பளபளத்துப் போயிருந்தது. மனிதர் எதில் பிழைத்தார் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனியில் ஒரு தொழிலாளி மேல் குற்றச்சாட்டு வந்தால், நாளைக்கு வராதே என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. உள்விசாரணை நடத்த வேண்டும். இரண்டு பக்கமும் கேட்டு, சாட்சி சொன்னதைப் பதிவு செய்து, குற்றம் நிரூபணமானதா இல்லையா என்று எழுதித்தர வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கூப்பிடுவார்கள். திருப்பூரில் பாதிக் கம்பெனிகள் அருள்செல்வனைத்தான் கூப்பிட்டன. அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் டீ கொடுக்கச் சொல்வார், கடைசியில் 'நிரூபணமானது' என்று எழுதித் தருவார். அப்படி எழுதும்படி இதுவரை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. மேஸ்திரியை அடித்தவன் அடித்திருந்தான், துணியைத் திருடியவன் திருடியிருந்தான். உள்ளதை எழுதுகிறோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வேல்விழியின் வழக்கு வரும் வரைக்கும்.

அவர் குடும்பம் பல்லடம் பக்கம் தறி ஓட்டிய குடும்பம். அண்ணன்மார் தறியை விட்டு பனியனுக்கு மாறிக் கார் வாங்கினார்கள். வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டி இவரைக் கோயமுத்தூருக்குச் சட்டம் படிக்க அனுப்பினார்கள். அங்கே எல்லாப் பாடத்தையும் எப்படியோ தாண்டிவிட்டார். சட்டவியல் என்ற ஒன்று மட்டும் காலைப் பிடித்துக்கொண்டது. திருட்டுக்கு என்ன தண்டனை என்று கேட்டால் சொல்லலாம். சட்டம் என்றால் என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வது? அந்தப் பாடத்தில் லீகல் பாசிட்டிவிசம் என்று ஒரு பகுதி. கைடில் அதைச் 'சட்ட நேர்க்காட்சிவாதம்' என்று தமிழ்ப்படுத்திப் போட்டிருந்தார்கள். தமிழைப் படித்தபோது இங்கிலீஷே தேவலாம் போலிருந்தது. ஒரு விதி சட்டமா என்று தெரிய வேண்டுமானால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், நல்லதா கெட்டதா என்று பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். திரும்பத் திரும்ப அரியர் எழுதித் தேறிய பிறகு அந்த வாதத்தைத் தலைமுழுகிவிட்டார். அது அவரைத் தலைமுழுகவில்லை என்பதுதான் கதை.

வேல்விழி கமுதிப் பக்கத்துப் பெண். காங்கயம் ரோட்டில் குழந்தைத் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். அங்கே ஊசிக்கென்று ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி ஆகிவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தித் தேட வேண்டும், தைத்த துணியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் ஊசி முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் போட்ட விதி. சுவரில் தமிழிலும் இந்தியிலும் படம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

சுவரில் இருந்தது அது. தரையில் நடந்தது வேறு. லைன் சூப்பர்வைசர் சீனிச்சாமி ஒரு காலித் தைல டப்பாவில் பழைய ஊசித் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். முனை கிடைக்கவில்லை என்றால் டப்பாவிலிருந்து அளவான முனை ஒன்று வரும், அட்டை நிறைந்துவிடும், லைன் ஓடும். இதற்கு 'ஒப்பேத்து' என்று பெயர். எல்லா லைனிலும் ஒப்பேத்து உண்டு. அட்டையைச் சரிபார்க்கிறவருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். கடைசியில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் ஒரு தைரியம்.

அன்றைக்கு டிடெக்டர் ரிப்பேர். மறுநாள் காலையில் சரக்கு கிளம்ப வேண்டும். வேல்விழியின் ஊசி உடைந்து முனை காணாமல் போனது. சீனிச்சாமி டப்பாவைத் திறந்தார். வேல்விழி வேண்டாம் என்றாள். "ஒட்டிட்டுத் தைம்மா" என்று அவர் உத்தரவிட்டார். அவள் மெஷினை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள். லைன் நின்றது, தேடினார்கள், கிடைக்கவில்லை, துணிக்கட்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று, லாரி அந்தச் சரக்கு இல்லாமல் போனது. மறுநாள் மெக்கானிக் வந்து மெஷினைக் கழற்றினால், அடித்தட்டில் பஞ்சுக்கு நடுவே அந்த முனை சாதுவாகக் கிடக்கிறது. துணியில் ஏறவேயில்லை.

குற்றப்பத்திரிகையில் ஒரே ஒரு குற்றம்தான்: மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறியது.

விசாரணை, மாதிரி உடுப்புகள் தொங்கும் அறையில் நடந்தது. சுற்றிலும் கைப்பிடி அகலத்தில் குட்டிச் சட்டைகள். கம்பெனி தரப்பில் எச்.ஆர். மேனேஜர் சித்ரகலா உட்கார்ந்திருந்தார்.

"இது சிம்பிள் மேட்டருங்க சார்," என்றார் அவர். "சூப்பர்வைசர் ஆர்டர் குடுத்தாருங்க. இந்தப் புள்ள ஒபே பண்ணலீங்க. அவ்வளவுதானுங்க. முனையும் மெஷின்லயே கெடந்துதுங்க. இவள விட்டா நாளைக்கு ஆளாளுக்கு லைன நிறுத்துவாங்க."

அருள்செல்வன் வேல்விழியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற கண்ணு?"

"நிறுத்துனது நெசந்தான் சார்," என்றாள் அவள். "வேலைய விட்டுத் தூக்குனா என் போட்டோவ எல்லாக் கம்பெனி வாட்சப் குரூப்புலயும் போட்டுருவாக. அப்பறம் ஒருத்தனும் எடுக்க மாட்டான். ஊருக்குப் போனா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். அது கெடக்கட்டும். நான் செஞ்சது சரியா தப்பா, அத மட்டும் நீங்க சொல்லுங்க சார்."

"அது இந்த விசாரணையில வராதுங்க," என்றார் அருள்செல்வன். பழக்கத்தில் வந்த பதில்தான். சொன்ன பிறகு, வேறு எதுதான் இதில் வரும் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

சீனிச்சாமி சாட்சி சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் வேல்விழி கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தக் கட்டுல ஒரு உருப்படிய எடுத்து ஒங்க பேத்திக்குப் போட்டுவிட்டிருப்பீகளா?"

"சார், இர்ரெலவன்ட் கொஸ்டினுங்க," என்றார் சித்ரகலா.

சட்டப்படி அவர் சொன்னது சரி. பேத்தி குற்றப்பத்திரிகையில் இல்லை. கேள்வியைப் பதிவிலிருந்து அடித்துவிடச் சொல்ல வாயைத் திறந்த அருள்செல்வன், என்னவோ தோன்றி, "இருக்கட்டுங்க, பதிவு பண்ணிக்குங்க" என்று டைப் செய்கிறவரிடம் சொன்னார். சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "அது வேற விசயம்" என்றார். அதுவும் பதிவானது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். வழக்கமாக ஒரே மூச்சில் எழுதிவிடுவார். இந்த முறை 'சட்டப்படியான' என்ற முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது.

எதன் சட்டப்படி? படித்ததை நினைவுக்குக் கொண்டுவந்தார். அதிகாரத்தில் இருப்பவன் ஆணையிடுவான், மற்றவர்கள் பழக்கத்தில் கீழ்ப்படிவார்கள், மீறினால் தண்டனை, அதுதான் சட்டம் என்று ஒரு கட்சி. அப்படியானால் அந்தத் தரையில் ஆணையிடுகிறவர் சீனிச்சாமி, கீழ்ப்படிவது மொத்த லைன், தண்டனைக்குத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது ஒப்பேத்துதான் சட்டம். சுவரில் இருக்கும் படம் வெறும் படம்.

இன்னொரு கட்சி, சட்டத்தை நடத்துகிற ஆட்கள் எதைச் சட்டமென்று ஏற்று நடக்கிறார்களோ அதுதான் சட்டம் என்று சொன்னதாக ஞாபகம். சரி, இங்கே நடத்துகிறவர்கள் சூப்பர்வைசர், சரிபார்க்கிறவர், மேனேஜர். மூன்று பேரும் ஏற்று நடப்பது ஒப்பேத்தை. கருமம், இதிலும் ஒப்பேத்தே ஜெயிக்கிறது.

மூன்றாவது கட்சி, ஒவ்வொரு விதியும் தனக்கு மேலே உள்ள விதியால் செல்லுபடியாகிறது, மேலே மேலே போனால் இதற்கு மேல் கேட்காதே என்று ஒரு விதி நிற்கும் என்றது. அருள்செல்வன் ஏறிப் பார்த்தார். சீனிச்சாமியின் அதிகாரம் ஸ்டாண்டிங் ஆர்டர் என்கிற கம்பெனி நிலையாணையிலிருந்து வருகிறது. அதற்கு மேலே முதலாளி. அவரைக் கேட்டால் பையர் சொன்னபடி என்பார். பையரின் ஒப்பந்தத்தைப் புரட்டினால் அந்தந்த நாட்டுச் சட்டத்தை மதித்து நடக்கவும் என்கிறது. நாட்டுச் சட்டத்தைக் கேட்டால் நிலையாணைப்படி மேலதிகாரிக்குக் கீழ்ப்படி என்கிறது. ஏறினவர் சுற்றிக்கொண்டு மறுபடி சீனிச்சாமியிடமே வந்து இறங்கினார். அவருக்கு நிஜமாகவே தலை வலித்தது.

"என்னுங்க, எழுதாம மோட்டுவளையப் பாத்துட்டு இருக்கறீங்க?" என்றாள் மனைவி கிருத்திகா.

"ஏம்புள்ள, எல்லாருஞ் சேந்து ஒரு விதிய மீறறாங்கன்னு வெச்சுக்க. அப்ப அது விதியா, இல்லியா?"

"கிருத்திகைக்குக் கவுச்சி ஆகாதுங்கறது நம்மூட்டு விதி. நீங்க போன கிருத்திகைக்குப் பேக்கரியில முட்டை பப்ஸ் தின்னுபோட்டு வந்தீங்க. அதுனால விதி இல்லீன்னு ஆயிப்போச்சுங்களா?"

அது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று திடுக்கிட்டதில் அருள்செல்வனுக்கு வாதம் கொஞ்ச நேரம் விட்டுப்போனது. பிறகு யோசித்தார். மீறியவர் ஒளிந்து தின்றார். கேட்டால் தப்பு என்று ஒப்புக்கொள்வார். அதனால் விதி உயிரோடிருக்கிறது. ஒப்பேத்தை யாரும் ஒளிந்து செய்யவில்லையே என்று நினைத்தவர், ஏன், தணிக்கைக்கு ஆள் வந்தால் டப்பா எங்கே போகும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். சித்ரகலாவுக்குப் போன் போட்டுக் கேட்டும் விட்டார்.

"ஆடிட் வந்தா எடுத்து உள்ள வெச்சிருவாங்க சார்," என்று சொல்லிவிட்டு, "இதையெல்லாம் ஏனுங்க கேக்கறீங்க?" என்றார் சித்ரகலா.

ஆக, ஒளிக்கிறார்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்ததாகச் சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்று விழுந்தது. பையரின் விதி விதிதான் என்றே வைத்துக்கொள்வோம். அது பையருக்கும் முதலாளிக்கும் நடுவே உள்ள விஷயம். வேல்விழி அதை வைத்துக்கொண்டு சூப்பர்வைசரை மீறலாம் என்று யார் சொன்னது?

அவருடைய அப்பாவின் கனவு நினைவுக்கு வந்தது. சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி ஒன்று உண்டு. முருகன் யாராவது பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வான்; அவர் கோயிலில் வந்து சொன்னால் பூப் போட்டுக் கேட்பார்கள்; வெள்ளைப் பூ வந்தால்தான் அது உத்தரவு, பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அப்பாவுக்கு ஒரு முறை, தறியில் குறுக்கே நூலோடு ஓடும் நாடா கனவில் வந்தது. மனிதர் குளித்து முழுகி நாடாவோடு மலையேறினார். சிவப்புப் பூ வந்தது. அழுதுகொண்டே இறங்கி வந்தவர், "கனவு நெசம், முருகன் வந்தது நெசம், ஆனா உத்தரவு இல்ல" என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குக் கைடு இல்லாமலே பாசிட்டிவிசம் புரிந்திருக்கிறது என்று அருள்செல்வன் இப்போது வியந்தார். உண்மையாக இருப்பது வேறு, உத்தரவாக இருப்பது வேறு. பூக் கேட்கும் வழக்கம்தான் உத்தரவை உத்தரவாக்குகிறது.

அப்படியானால் இந்த வழக்கில் பூப் போடுகிறவர் யார்?

இந்தக் கேள்வி வந்ததும் பேனாவை மூடி வைத்தார். நடத்துகிறவர்கள் ஏற்று நடப்பதுதான் சட்டம் என்றால், இந்த விசாரணையை நடத்துவது அவர்தான். எந்தத் தாளிலும் எழுதாத ஒரு விதியை அவர் இத்தனை வருஷமாக ஏற்று நடந்துகொண்டிருந்தார்: கம்பெனி கூப்பிட்டால் 'நிரூபணமானது'. அதுவும் ஓர் ஒப்பேத்துதானே. அவர் எழுதி எழுதித்தான் அது நிலைத்திருக்கிறது. வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. கோபம் யார் மேல் என்று மட்டும் பிடிபடவில்லை.

மறுபடி குற்றப்பத்திரிகையை எடுத்துப் படித்தார். 'சட்டப்படியான, நியாயமான உத்தரவு.' விதி எழுதியவர்கள் இரண்டையும் கேட்டிருக்கிறார்கள். நியாயத்தைச் சட்டத்துக்குள் இழுத்து வராதே என்று படித்தவருக்கு, இங்கே சட்டமே கதவைத் திறந்து நியாயத்தை உள்ளே விட்டு உட்கார வைத்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. இது பாசிட்டிவிசமா, அதற்கு எதிர்க்கட்சியா? அரியர் பேப்பரில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் நிச்சயம் இன்னொரு தடவை தோற்றிருப்பார். தெளிவு வரும் என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. தெளியாமலே எழுதினார்: பேத்தியைப் பற்றிய கேள்விக்குச் சாட்சி நேர் பதில் சொல்லவில்லை. டிடெக்டர் இல்லாத நாளில் காணாத முனையைக் கண்டதாக ஒட்டச் சொன்னது நியாயமான உத்தரவு அல்ல. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.

கம்பெனி அதை எதிர்த்துப் பேசவில்லை. தணிக்கை வரும் நேரம். விஷயம் வெளியே போனால் வம்பு. வேல்விழியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த விசாரணைக்கு அவிநாசி ரோட்டு வக்கீல் ஒருவரைக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டார் அருள்செல்வன். மற்றக் கம்பெனிகளிலிருந்தும் போன் வருவது குறைந்தது. யாரும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தேய்ந்த கோட்டு ஓய்வில் தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்விழி அவருடைய ஆபீசுக்கு வந்தாள். பழமும் பூவும் கொண்டுவந்து நன்றி சொல்வாள் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. அவள் கையில் ஒன்றும் இல்லை. முகம் வாடியிருந்தது.

"வேல குடுத்துட்டாக சார். ஆனா லைன்ல ஒருத்தரும் பேச மாட்டேங்குறாக. 'நிரூபிக்கலே'ன்னு எழுதியிருக்காம்ல, அப்ப செஞ்சிருக்கா, மாட்டாமத் தப்பிச்சிட்டாங்குறாக. சட்டத்துல ஓட்டயாம். சீனிச்சாமி அண்ணன் மட்டும் ஒரு நாள் டீ வாங்கிக் குடுத்துச்சு. அதுவும் ஒண்ணும் சொல்லல."

"உன் மேல குற்றமில்லீன்னுதான் அதுக்கு அர்த்தம் கண்ணு."

"குத்தமில்லன்னா சரின்னு ஆயிருமா சார்? சரின்னு ஒரு வரி எழுதியிருக்கலாமுல்ல?"

அருள்செல்வன் விளக்கப் பார்த்தார். குற்றச்சாட்டு நிரூபணமா இல்லையா என்று மட்டும்தான் எழுத அவருக்கு அதிகாரம். அந்த அறிக்கையையும் கொடுத்து முடித்தாயிற்று, இனி அதில் ஒரு புள்ளி வைக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. தொழிலாளி செய்தது சரி என்று எழுத எந்த நிலையாணையிலும் இடமில்லை. அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் அன்றைக்கே இதைத்தான் கேட்டாள், வேலையைக்கூட 'அது கெடக்கட்டும்' என்று ஒதுக்கிவிட்டாள் என்பது அவருக்கு உறைத்தது. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். லெட்டர்பேடிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். 'ஊசி முனை கிடைக்காதபோது வேல்விழி மெஷினை நிறுத்தியது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதும் இடத்தில் ஒன்றும் எழுத வரவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். "இது செல்லுமா சார்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"செல்லாது கண்ணு. எங்கியுமே செல்லாது."

"எழுதியிருக்கது சரிதான சார்?"

"சரிதான்."

"அப்பக் குடுங்க," என்று அவள் கையை நீட்டினாள்.